மதிக்கிலிஸ் மாமாவும் ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதும்

என் மாமாவின் பெயர் மனிதருக்கு வைக்கக்கூடிய பெயரே அல்ல என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்டுபிடிப்புக்காக எவரும் எனக்குப் பரிசு தரவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஞானஸ்நானத்தின்போது கோயிலில் வைத்த வேறொரு நல்ல பெயர் அவருக்கு இருந்தது. ஆனால் ஊர்காவற்றுறையில் எங்கள் கரைக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் வீடு காட்டத் தெரியாது. மதிக்கிலிஸ் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடும்.

அந்தப் பெயர் ஒரு கல்லிலிருந்து வந்தது. வள்ளங்கள் கட்டும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, தாழம் பற்றை தொடங்குகிற இடத்தில் ஒரு பூவரசு நின்றது. அதன் கீழே என் நெஞ்சளவு உயரத்தில் அந்தக் கல். மேலே ஒரு சிலுவை. சிலுவைக்குக் கீழே ஒரே வரி, வெள்ளைக்காரர்களின் எழுத்தில்: MDCCLIX. வேறு ஒன்றும் இல்லை. எப்போதோ ஒரு காலத்தில், ஆங்கிலம் கொஞ்சம் படித்த யாரோ ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றிருக்கிறார். முதல் நாலு எழுத்தோடு அவர் பட்ட பாட்டை என்னால் இப்போது நினைத்துப் பார்க்க முடிகிறது. கடைசியில் லிக்ஸ் என்று வந்ததும், பெலிக்ஸ் என்பதுபோல இவரும் ஒரு புனிதர்தான் என்று அவருக்கு நிம்மதி பிறந்திருக்க வேண்டும். மடிக்லிக்ஸ் என்று அவர் வாசித்தது, எத்தனையோ வாய்களில் புரண்டு மதிக்கிலிஸ் ஆகிவிட்டது.

மதிக்கிலிஸ் ஐயா யார் என்பதில் கரையில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. உடைந்த கப்பலின் தலைவர் என்றார்கள் சிலர். மறைந்து வாழ்ந்த குருவானவர் என்றார்கள் வேறு சிலர். திமிங்கிலத்தின் முதுகில் ஏறி வந்து எங்கள் கரையில் இறங்கியவர் என்று மாமா எனக்குச் சொன்னார். மாமா என்னிடம் சொன்னவற்றில் பாதியை நான் நம்புவதில்லை. ஆனால் திமிங்கிலத்தை நம்பினேன். மாமா பிறந்த நாளில் கடல் கொந்தளித்ததாம். அவருடைய அப்பா கடலில் அகப்பட்டிருந்தாராம். கல்லடியில் நேர்ந்துகொண்டதும் மனிதர் உயிரோடு கரையேறினாராம். அப்படித்தான் கல்லின் பெயர் மாமாவுக்கு வந்தது.

கோயிலுக்குப் புதிய பாதர்மார் வருவார்கள், சில வருடங்களில் மாறிப் போவார்கள். பற்றைக்குள் நின்ற கல்லைத் தேடிப்போய் வாசிக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. வாசித்தவர்கள் இருந்தால் சிரித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார்கள். தொழிலுக்குப் போகிற ஆண்கள் மட்டும் ஒருநாளும் தவறுவதில்லை. வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் கல்லைத் தொட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். அப்பா பின்னேரம் போய் விடியும்போது வருவார். அப்பா போன பிறகு அம்மா கல்லடியில் மெழுகுதிரி ஏற்றுவார். காற்றுக்கு அணையாமல் இருக்க ஒரு சிரட்டையைச் சாய்த்து மறைப்புக் கட்டிவிட்டு வருவார். இது எங்கள் வீட்டில் முகம் கழுவுவதுபோல ஒரு வழக்கம்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ரீச்சர் எங்களுக்கு உரோம இலக்கம் படிப்பித்தார்.

ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். அன்றைக்குக் கரும்பலகையில் ஏழு எழுத்தை எழுதினார். ஒன்றுக்கு ஒரு கோடு, ஐந்துக்கு V, பத்துக்கு X, ஐம்பதுக்கு L, நூறுக்கு C, ஐந்நூறுக்கு D, ஆயிரத்துக்கு M. பாடப்புத்தகத்தில் இவ்வளவு இல்லை. ரீச்சருக்கு அன்றைக்கு ஏதோ உற்சாகம். பழைய கட்டடங்களில் கட்டிய ஆண்டை இப்படித்தான் வெட்டியிருப்பார்கள் என்றார். பெரியதற்குப் பின்னால் சிறியது நின்றால் கூட்ட வேண்டும், முன்னால் நின்றால் கழிக்க வேண்டும் என்றார். இல்லாததைக் குறிக்க இதில் எழுத்துக் கிடையாது என்றும் சொன்னார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிகையாகச் சொல்லவில்லை. ஏழே ஏழு எழுத்து. ஒரு கையால் அள்ளக்கூடிய சிப்பிகள். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் எங்கள் கரையில் உள்ள அத்தனை பேரையும், அத்தனை வள்ளத்தையும், அத்தனை பனையையும் எழுதிவிடலாம். எழுத்தாகப் பார்த்தால் எழுத்து. இலக்கமாகப் பார்த்தால் இலக்கம். ஒரு பொருள் இரண்டாக இருக்க முடியும் என்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ரீச்சர் எங்களை மூன்று நிரல் போடச் சொன்னார். முதல் நிரலில் இலக்கம், இரண்டாவதில் உரோம இலக்கம், மூன்றாவதில் அதைச் சொல்லில் எழுத வேண்டும். ஒன்பதில் வந்து நான் நின்றுவிட்டேன். IX. பத்துக்கு முன்னால் ஒரு கோடு. பக்கத்து நிரலில் நான் எழுதியிருந்தது ஒன்பது. அதற்குள்ளே ஒரு 'பது' ஒளிந்திருந்தது. இருபது, முப்பது என்று வருகிற அதே பது. ஒன்பதில் பத்துக்கு என்ன வேலை?

தொண்ணூறுக்குப் போனேன். XC. நூறுக்கு முன்னால் ஒரு பத்து. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு இருந்தது. தொள்ளாயிரத்துக்குப் போனேன். CM. ஆயிரத்துக்கு முன்னால் ஒரு நூறு. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருந்தது! நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"என்ன பிள்ளை, தண்ணி குடிக்கப் போகவேணுமோ?" என்றார் ரீச்சர்.

நான் இல்லை என்று தலையாட்டி, கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். ரீச்சர் பார்த்தார். பிறகு வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்பது. தொண்ணூறு. தொள்ளாயிரம். தமிழ் சொல்கிற மாதிரியே அவர்கள் எழுதியிருந்தார்கள். வரப்போகிற பெரியது ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

"உம்மட்டை ஆர் உதைச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ரீச்சர். உதுக்குள்ளையே இருக்கு."

"ஓம்," என்றார் ரீச்சர் மெதுவாக. "இருக்குத்தான்." அதற்குப் பிறகு மணியடிக்கும் வரைக்கும் அவர் பாடம் நடத்தவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தப் பேய் இறங்கவில்லை. கோழிகளுக்கு உரோம இலக்கம் போட்டேன். குசினிக் கதவில் கரியால் எழுதி அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். சந்திக்கு வந்த பஸ்ஸின் இலக்கத்தை, அது திரும்பிப் போவதற்குள் எழுத்தாக்கிவிட ஓடினேன்.

அப்படிப்பட்ட ஒரு பின்னேரம் அம்மாவோடு கல்லடிக்குப் போனேன். அப்பா போய்விட்டிருந்தார். அம்மா குந்தியிருந்து, பழைய மெழுகைக் கல்லின் அடியிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சும்மா நின்றேன். பிறந்ததிலிருந்து பார்த்த கல். அதை நான் பார்ப்பதையே நிறுத்தியிருந்தேன். அன்றைக்கு என் கண் அந்த வரியில் விழுந்தது.

M. ஆயிரம்.

D, ஐந்நூறு. இரண்டு C, இருநூறு. L, ஐம்பது. கடைசியில் பத்துக்கு முன்னால் ஒரு கோடு. மதிக்கிலிஸ் ஐயா என் கண் முன்னால் எழுத்தெழுத்தாகக் கழன்று போனார். திமிங்கிலம் போனது. கப்பல் போனது. அந்த இடத்தில் ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பது நின்றது. அது எவ்வளவு பழைய ஆண்டு என்று எனக்கு விளங்கியது. கல்லைத் தொடப் பயமாக இருந்தது. தொடாமல் நிற்கவும் பயமாக இருந்தது.

"என்ன பேயைக் கண்டவள் மாதிரி நிக்கிறாய்? வா," என்றார் அம்மா.

அடுத்த நாள் மாமாவிடம் சொன்னேன். அவர் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பெயர் அவருடையது, அதனால் அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. மணலில் எழுதிக் காட்டி, ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொன்னேன். மாமா தலையைச் சரித்துக் கேட்டார்.

"அப்ப மதிக்கிலிஸ் எண்டு ஒரு ஆள் இல்லையோ?"

"இல்லை மாமா. அது ஒரு இலக்கம்."

"அப்ப நான் ஆர்?"

"நீங்கள் ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பது மாமா."

மாமா வலையைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைக் கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் சாரத்தின் தலைப்பால் கல்லை மேலிருந்து கீழ்வரை துடைத்தார்.

"வடிவாப் பார் பிள்ளை. எங்கையாவது ஒரு பேர் இருக்கோ எண்டு பார்."

நான் முன்னும் பின்னும் பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். இல்லை என்றேன். மாமா தன் பெயர் இருந்த வரியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு தோளை உலுப்பிக்கொண்டு போய்க் கரை முழுவதற்கும் அதைப் பகிடியாகச் சொல்லிவிட்டார். மாமா தனக்கு வலிக்கிற எதையும் பகிடியாகத்தான் வெளியே விடுவார். அது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது.

பின்னேரத்துக்குள் கரையில் மாமாவின் பெயர் மாறிவிட்டது. "ஆயிரத்து எழுநூறு, உந்தக் கயித்தை ஒருக்கா எறியும்!" என்றார் ஒருவர். "முழுசாச் சொல்லும், மிச்சம் ஐம்பத்தொன்பது கோவிக்கப்போகுது," என்றார் இன்னொருவர். அப்பாவும் சிரித்தார். அப்பா அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. வள்ளத்துக்குப் போகும் வழியில் வழக்கம்போலக் கல்லடியில் நின்றார். கையை நீட்டினார். பிறகு எதையோ நினைத்துச் சிரித்து, கையை மடக்கிக்கொண்டார்.

"இலக்கத்தை என்னத்துக்குத் தொடுவான்?" என்று மாமாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

அம்மா அதைக் கண்டார். அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தவர் அங்கேதான் நின்றார். "இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டார். அதற்குள் எஞ்சின் சத்தம் எழுந்துவிட்டது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

விடியும்போது சோளகக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் பனைகள் ஓலம் போட்டன. நாங்கள் கரைக்குப் போனோம். வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போது அது அப்பாவுடையது என்று நினைத்தேன். கிட்ட வரும்போது அது வேறு யாரோ ஒருவரின் அப்பாவாகிவிடும். எல்லோரும் வந்தார்கள். அப்பா வரவில்லை.

அம்மா கைபேசியில் எடுத்துப் பார்த்தார். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் சொன்னது. மூன்று மொழியிலும் சொன்னது. அம்மா திரும்பவும் எடுத்தார். திரும்பவும் இலக்கம் என்றது. ஒரு புனிதரைப் பிடித்து இலக்கமாக்கிவிட்டேன். இப்போது அப்பாவும் இலக்கமாகிவிட்டார் என்று நினைத்தேன்.

மாமா இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தேடப் போக ஆயத்தமானார். பகிடி ஒன்றும் இல்லை. கல்லைத் தாண்டி நாலடி போனவர் திரும்பி வந்தார். உள்ளங்கை முழுவதையும் கல்லில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். மற்ற இருவரும், நேற்று ஆயிரத்து எழுநூறு என்று கூப்பிட்டவர்கள்தான், வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். வள்ளம் அலையில் ஏறி விழுந்து ஏறி மறைந்தது.

அம்மா என் கையைப் பிடித்தார். கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போய் முழங்காலில் இருந்தார். என்னையும் இழுத்து இருத்தினார்.

"சொல்லு," என்றார்.

"என்னத்தை அம்மா?"

"அவரின்ர இலக்கத்தை. இவ்வளவு காலமும் பிழையான பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறன். நீதானே சரியா வாசிச்சனி. பிழை விடாமல் சொல்லு."

வகுப்பில் எத்தனையோ இலக்கங்களை வாசித்திருக்கிறேன். அப்போதெல்லாம் பிழை விட்டால் ரீச்சர் சிவப்பால் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். இப்போது பிழை விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கல்லைப் பார்த்தேன். எழுத்தெழுத்தாகக் கூட்டினேன்.

"ஆயிரத்து... எழுநூற்று... ஐம்பத்தொன்பது."

அம்மா கண்ணை மூடினார். "ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதே," என்றார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

கோயிலில் புனிதர்களின் மன்றாட்டு மாலை சொல்வதுபோல, அதே இழுவையில், அதே தாழ்ந்த குரலில் சொன்னார். திரும்பவும் என்னைச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவர் மன்றாடினார். பின்னால் மணலில் சத்தம் கேட்டது. கரையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் பின்னால் முழங்காலில் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் இலக்கத்தைச் சொல்ல, அத்தனை பேரும் ஒரே குரலில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் போனது.

அந்தச் சத்தத்தை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை. அது பாடமா செபமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆயிரம் என்று நான் வாய் திறக்கும்போது உண்மையாகவே ஓர் ஆயிரம் என் நெஞ்சிலிருந்து எழும்பிப் போனது. நூறுகள் அதன் பின்னால் போயின. ஐம்பத்தொன்பதில் வந்து முடியும்போது எனக்கு மூச்சு முட்டும். உடனே பெண்களின் குரல் வந்து என்னைத் தாங்கும். யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவருக்குப் பெயர் இல்லை என்பதால் அவர் இன்னும் பெரியவராகத் தெரிந்தார்.

வெயில் உச்சிக்கு ஏறியபின் இரண்டு வள்ளங்கள் தெரிந்தன. முன்னால் மாமாவின் வள்ளம். பின்னால் கயிற்றில் இழுபட்டுக்கொண்டு அப்பாவின் வள்ளம். எஞ்சின் நின்றுபோய், நங்கூரக் கயிறும் அறுந்து, எழுவைதீவுப் பக்கம் இழுபட்டுப் போயிருக்கிறார். அப்பா முகமெல்லாம் உப்புப் பூத்து வந்து இறங்கினார். ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை. நேரே கல்லடிக்குப் போனார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

அம்மா அவரைத் தொடவில்லை. ஊர் முன்னால் அப்படித் தொடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "சாப்பாடு மிச்சம் கிடக்கோ, எல்லாம் சாப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"சாப்பிட்டனான். நீர் ஏன் உந்த வெயிலுக்க நிக்கிறீர்?" என்றார் அப்பா.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்பா, கடலில செபம் சொன்னனீங்களோ?"

"சொல்லாமல்?"

"என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். "மதிக்கிலிஸ் ஐயா எண்டுதான். அந்த நேரம் உன்ர இலக்கம் வாயில வரேல்லை."

பின்னால் வந்த மாமா அதைக் கேட்டுவிட்டார். "அதுதான் நான் வந்தனான் அத்தான். என்ரை பேரைத்தானே கூப்பிட்டிருக்கிறியள்," என்றார். அப்பா சிரித்தார். அம்மாகூடச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. கரையில் நாங்கள் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டோம். கடலில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டில் எதைக் கேட்டு அவர் உதவினார்? வீடு வரும்வரை அதை யோசித்துக்கொண்டே நடந்தேன். இப்போதும் எனக்கு அதற்கு விடை தெரியாது.

மாமாவின் பெயர் அன்றைக்கே பழையபடி மதிக்கிலிஸ் ஆனது.

பொழுது சாயும்போது அம்மா மெழுகுதிரிகள் எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போனார். அப்பா வீட்டில் நித்திரை. காற்று அடங்கியிருந்தது. நானும் கூடப் போனேன். நன்றி சொல்லத்தான் வந்தோம் என்று நினைத்திருந்தேன். அம்மா ஒரு திரியை ஏற்றி, சிரட்டையைச் சாய்த்து வைத்தார். பிறகு எழும்பாமல் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதில பேர் ஒண்டுமே இல்லையோ பிள்ளை?"

"இல்லை அம்மா. ஆண்டு மட்டும்தான். ஏன் அம்மா பேர் போடேல்லை?"

"கடல் கொண்டுவந்து போட்டிருக்கும். ஆரெண்டு தெரிஞ்சிருக்காது. எந்த வருசம் எண்டு மட்டும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சதை வெட்டியிருக்கினம்." சிரட்டையைச் சற்றே நகர்த்தி வைத்தார். "அது காணுமாக்கும், என்ன? ஒரு ஆளுக்கு."

"காணும் அம்மா, அது போதும்," என்றேன் நான். எல்லாம் தெரிந்தவள்போல.

அம்மா மணலைக் கையால் தடவிச் சமப்படுத்தினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறை எப்பிடி எழுதிறது?"

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அம்மா என்னிடம் பாடத்தில் ஒன்று கேட்பது அதுதான் முதல்தடவை. அதுவும் எப்பேர்ப்பட்ட இலக்கம்! ஈர மணலில் விரலால் ஆழமாக எழுதினேன். MCMXC.

"இவ்வளவுதானோ?"

"ஓம் அம்மா, அஞ்செழுத்துத்தான்."

அம்மா தன் விரலை என் கோடுகளுக்குள் வைத்து ஒவ்வோர் எழுத்தாக மேலே மேலே எழுதினார். ஒரு கோடு கோணலாக வந்திருந்தது. அதை அழித்துவிட்டு வடிவாக எழுதித் தருகிறேன் என்று நான் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அழிக்காதை."

பிறகு இரண்டாவது திரியை எடுத்து, கல்லடியில் எரிந்த சுடரில் பற்றவைத்து, அந்த எழுத்துகளுக்கு முன்னால் மணலில் ஊன்றினார்.

அம்மாவுக்கு மாமாவைத் தவிர ஓர் அண்ணனும் இருந்தார். போரில் தீவுகளிலிருந்து சனம் வெளிக்கிட்டு ஓடிய அந்தத் தொண்ணூறாம் வருடம், வீட்டுக்காரர் எல்லோரையும் வள்ளத்தில் மறுகரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஆடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர். பிறகு அவரைக் கண்டவர் எவரும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் அறிந்த காலம் முழுவதும், இறந்தவர்களுக்கான பூசையில் அவருடைய பெயரைச் சேர்க்க அம்மா சம்மதித்ததில்லை. அண்ணை வருவார் என்றே சொல்லிவந்தவர். அவருக்காக அம்மா ஏற்றிய முதல் மெழுகுதிரி அன்றைக்கு ஏற்றியதுதான் என்று மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் வளர்ந்து, வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு அதொன்றும் தெரியாது. சுடருக்குப் பக்கத்தில் அம்மா முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். கணக்கைத்தான் மனதில் போட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் மணலில் இன்னோர் இடத்தைத் தடவிச் சமப்படுத்தி வைத்துக்கொண்டு, அம்மாவின் முழங்கையை மெல்ல இழுத்தேன்.

"இன்னொண்டு கேளுங்கோ அம்மா," என்றேன்.